சூப்பாத, பாப்பா

மூன்று நாளாகக் கதவைத் திறந்தால் வாசலில் மூடி போட்ட ஒரு பாத்திரம். உள்ளே ஆவி பறக்கும் காய்கறிச் சாறு. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவே தயங்குகிற ஜெர்மன் ஊர் இது. கீழ்வீட்டில் தனியாக இருக்கும் ஃபிராவ் பெக் என்ற வயதான அம்மாதான் வைத்துவிட்டுப் போகிறார் என்று தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை. என் மகள் பூங்கொடிக்கு இரண்டு வயது. இங்கே வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, கன்னம் ஒட்டிவிட்டது. பிள்ளையைப் பட்டினி போடுகிறவள் என்று என்னை நினைத்துவிட்டாரோ? அந்தச் சாற்றைத் தொடவும் முடியவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை.

ரசம் சோறு ஊட்டினால் துப்புவாள். மற்ற நேரமெல்லாம் கட்டை விரல் வாயில்தான். அரியலூரிலும் அப்படித்தான், சிமெண்டுத் தூசி படிந்த கையைக் கழுவிவிட்டால் போதும். இங்கே ஈர விரல் குளிர்காற்றில் வெடித்து ரத்தம் கசிந்தது. வேப்பெண்ணெய் தடவச் சொல்லி அம்மா கடிதம் எழுதியிருந்தார். வேப்பெண்ணெய்க்கு எங்கே போவது? மாடிப்படி ஏறும்போதும் இறங்கும்போதும், "சூப்பாத பாப்பா, சூப்பாத!" என்று கையை இழுப்பேன். அவள் படி அதிர அழுவாள்.

நான்காம் நாள், பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க என் வீட்டுக்காரரையும் கூட்டிப்போனேன். சிமெண்டு ஆலை இயந்திரங்களில் பயிற்சிக்கு வந்தவர். மொழி ஓரளவு தெரியும். அந்த அம்மா ஏதோ சொல்ல, இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன சொல்றாங்க? சொல்லிட்டுச் சிரிங்க."

"தினம் படியில புள்ள சூப்பு கேட்டு அழுவுதாம், நீ குடுக்காம அதட்டுறியாம். இவங்க ஊர்ல சூப்புக்கு 'சுப்பெ'ன்னு பேரு!"

"ஐயோ! விரல் சூப்புறதச் சொன்னேன்னு சொல்லுங்க."

"நீயே சொல்லேன். பி.ஏ. படிச்சவதானே?"

வேறு வழியில்லை. என் கட்டை விரலை வாயில் வைத்து "சூப்பு" என்றேன். வெளியே எடுத்து, தலையை ஆட்டி, "சூப்பாத" என்றேன். ஃபிராவ் பெக் கண்ணில் நீர் வரச் சிரித்து, சூப் வைத்துக் காட்ட என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போனார்.

எங்கள் வீட்டில் சூப் என்றால் ஆட்டுக்கால் சூப்தான். பெரம்பலூர் ரோட்டில் தம்பி சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது, அம்மா பதினைந்து நாள் வைத்துக் கொடுத்தார். தெருவே மிளகு மணக்கும். இந்த அம்மாவோ கேரட்டையும் உருளைக்கிழங்கையும் உப்புப் போட்டு வேகவைத்து மசித்ததோடு சரி. இதுவும் ஒரு சாப்பாடா என்றிருந்தது. மறுநாள் நான் வைத்தபோது மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டேன். போட்டபின், பிள்ளைக்குக் காரமாகிவிடுமோ என்று இன்னொரு கிழங்கை மசித்தேன். கரண்டியை அவள் கையிலேயே கொடுத்தேன். ஒரு கை கரண்டியில், மறு கை கிண்ணத்தில். சூப்புவதற்குக் கை மிச்சமில்லை. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு "சுப்பெ" என்று மறுபடியும் நீட்டினாள். பனி கரைவதற்குள் விரல் ஆறிவிட்டது, கன்னமும் உப்பியது.

அடுத்த பொங்கலுக்கு அரியலூர் போனோம். புது முகங்களைக் கண்டதும் விரல் மறுபடி வாய்க்குள் போயிற்று. என் நாத்தனார் பார்த்துவிட்டாள்.

"மூணு வயசாயிடுச்சு, இன்னுமா? சூப்பாதடி!"

பூங்கொடி விறுவிறுவென்று உள்ளே ஓடி, ஒரு கரண்டியுடன் வந்து என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி இது? விரல எடுடின்னா கரண்டிய எடுத்துட்டு வருது!"

ஊர்ப்பேச்சை மறக்கடித்துவிட்டேனோ என்று ஒரு பக்கம் உறுத்தியது. கேட்டுச் சாப்பிடுகிறாளே என்று ஒரு பக்கம் நிம்மதி. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஒரு கையில் கரண்டியைத் தயாராக நிமிர்த்திப் பிடித்தபடி, மறு கையின் கட்டை விரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள்.