பாஸ்கல் தின்று காட்டிய மாத்திரை

எண்பத்தாறாம் வருஷம், ஆவடிப் பக்கத்துப் போலீஸ் பயிற்சி முகாமில் காலெலும்பு விட்டுப்போகிற பையன்கள் அதிகமானார்கள். விடிந்தால் ஓட்டம், அப்புறம் கவாத்து, வெயில் ஏறியதும் மறுபடி ஓட்டம். முழங்காலுக்குக் கீழே முதலில் வலிக்கும், பிறகு வீங்கும், கடைசியில் எலும்பில் கீறல் விடும். கீறல் விட்டவனை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். புதிதாக வந்த டாக்டரம்மா, தினமும் ஆளுக்கு ஒரு டம்ளர் பாலும் ஒரு சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கொடுக்கச் சொன்னார். அந்த வேலை கம்பவுண்டர் பாஸ்கல் தலையில் விழுந்தது.

வேறு எவன் தலையில் விழும்? கட்டுப் போட்டும் ஊசியைக் கொதிக்கவைத்தும் ஏற்கெனவே ஓய்ந்துபோன மனுஷர்.

பையன்கள் பாலை ஒரே மடக்கில் குடித்தார்கள். மாத்திரைகளோ மருந்தறைக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. சர்க்கார் சும்மா கொடுக்கிற மாத்திரை குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைதான், தின்றவனுக்குப் பிள்ளை பிறக்காது என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். பாஸ்கல் சொல்லிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். கடைசியில், தினமும் அவர்கள் கண்ணெதிரே தானே ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். நல்ல யோசனை என்று நினைத்தார், பாவம்.

பாடியிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த உத்தமன் ஒரு வாரமாக நொண்டுவதை மறைத்துக்கொண்டு ஓடினான். தகப்பன் இல்லாத வீடு, இந்த வேலையை நம்பித் தையில் கல்யாணம் வைத்திருந்தார்கள். பாஸ்கல் அவன் காலை அழுத்தியதும் பல்லைக் கடித்தான். டாக்டரம்மா ஓய்வு கொடுத்தார், பாலும் மாத்திரையும் தவறக்கூடாது, இனியும் அசட்டையாக இருந்தால் எலும்பு விட்டுவிடும் என்று கண்டித்து அனுப்பினார். மறுநாளும் அவன் மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாத்தே, நீ டெய்லி துன்ற. உனுக்கு எத்தினி பசங்க?"

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. நக்கலாகக் கேட்டிருந்தால் ஓர் அறை விட்டிருக்கலாம். பையன் பயந்துபோய்க் கேட்டான்.

பாஸ்கலுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பிள்ளை இல்லை. ஆரம்பத்திலேயே அவரும் மனைவி செலினும் பட்டணத்து ஆஸ்பத்திரியில் பரிசோதித்துப் பார்த்தார்கள். குறை அவரிடம். வெளியே சொல்ல வேண்டாம், நாலு பேர் உங்களைக் கேவலமாகப் பேசுவார்கள் என்று செலின்தான் சொன்னாள். அவரும் சரியென்று தலையாட்டினார். அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பூந்தமல்லிப் பக்கத்து நூம்பலில் அவர் அம்மா, சொந்தக்காரர்கள் மத்தியில் செலினை மலடி என்பாள். செலின் தலை நிமிராமல் வெங்காயம் நறுக்குவாள். இவர் எழுந்து தெருவுக்குப் போய் நின்றுகொள்வார். ஆம்பளையாம், ஆம்பளை!

இரண்டு பிள்ளை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பாஸ்கல் உத்தமனுடைய வீங்கிய காலைப் பார்த்தார்.

"எனுக்குப் புள்ள இல்லடா. இந்த மாத்திர வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஆஸ்பத்திரில பாத்தாச்சு. மீச மொளைக்கிற வயசுல பொன்னுக்குவீங்கி வந்து கீழயும் எறங்கிச்சு, அதோட போச்சு. கொற எங்கிட்டதான், எம் பொண்டாட்டிகிட்ட ஒண்ணுமில்ல. முழுங்கு."

உத்தமன் விழுங்கினான். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக விழுங்கினார்கள். பாஸ்கல் மாத்திரை டப்பாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

சாயங்காலம் அவர் குவார்ட்டர்ஸுக்கு வருவதற்குள் முகாம் சமையற்காரர் மனைவி ராஜம்மா வழியாகச் சேதி குழாயடிக்கு வந்து சேர்ந்திருந்தது. செலின் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். கோபிப்பாள் என்று நினைத்தபடி பாஸ்கல் ஷூவைக் கழற்றினார்.

பசங்கள் விழுங்கினார்களா என்று கேட்டாள். விழுங்கினார்கள் என்றார்.

"அந்தப் பசங்களுக்குச் சொன்னத உங்கம்மாவுக்கும் சொல்லுங்க. சொல்லும்போது நானும் எதிர்ல ஒக்காந்துகினு கேக்கணும். இதுக்கு மேல என்னால தாங்க முடியலீங்க."

பாஸ்கல் கழற்றிய ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டார். செலின் கொடியிலிருந்து நல்ல புடவையை எடுத்தாள்.

பூந்தமல்லி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.