சாமுவேலின் சிவப்புக் கொப்பி

சாமுவேலைப் பிரெஞ்சுப் பொலிஸின் உளவாளி என்று நம்பியவன் நான். சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். நைஜீரியாவிலிருந்து ஓர் ஆளை இறக்கி, என் பக்கத்தில் கோப்பை கழுவவிட்டு என்னைப் பிடிக்குமளவுக்கு இந்த அரசாங்கத்துக்கு நேரமில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

போன சனிக்கிழமை, பாரிஸ் லா சப்பலில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடையில் ஒரு நைஜீரியப் பெண் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். கையிலிருந்த போனில் யாரோ ஆங்கிலத்தில் பேட்டி கொடுத்தார்கள். முகத்துக்கு முன்பே சாமுவேலின் சிரிப்பைத் தெரிந்துவிட்டது. தும்மல் வரப்போய் வராமல் நின்றதுபோல ஒரு சிரிப்பு. தங்கள் தொகுதி எம்.பி. என்றார் பெண். அந்த நேரம் பார்த்து யாரோ நிலம் கழுவ ஜாவெல் ஊற்ற, அந்த மணம் என்னைப் பழைய சமையலறைக்கே கொண்டுபோனது.

மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம் ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கடை. எனக்கு விசா இல்லை. மச்சானின் விசா அட்டையில், மச்சானின் பெயரில் வேலை. அந்த நாளில் எங்களில் பலர் இன்னொருவராகத்தான் வேலைக்குப் போனோம். "நேசன்" என்று முதலாளி மூன்று தரம் கூப்பிட்டால்தான் திரும்புவேன். காது மந்தம் என்று இரக்கப்பட்டு, ஆகச் சத்தமான மெஷினை எனக்குத் தந்தார்.

சாமுவேல் ஊரில் பத்திரிகைக்காரன். கட்டாத பாலத்துக்குத் திறப்புவிழா நடந்ததை எழுதி, அடித்துத் துரத்தப்பட்டவன். இங்கேயும் சும்மா இருக்கவில்லை. எந்த வழியால் வந்தாய், கடலில் எத்தனை நாள் என்று கேட்டுக் கேட்டுச் சிவப்புக் கொப்பியில் எழுதுவான். மாலிக்காரன், வங்காளி, எங்கள் ஆட்கள், எல்லாருடைய கதையும் அதற்குள். இரண்டு வருட உழைப்பு. புத்தகமாக்கப்போவதாகச் சொன்னான். என் முறை வந்தபோது நானும் வாய் ருசியில் எல்லாம் சொன்னேன், என் உண்மைப் பெயர் உட்பட. மச்சானின் பெயருக்குக் கீழே அதை எழுதி, ஒரு கோடு போட்டான். அந்தக் கோடு என் கழுத்தில் விழுந்தது.

சமையல்காரர் குணமண்ணையிடம் ஓடினேன்.

"அண்ணை, அவன் என்ரை ரெண்டு பேரையும் எழுதிப்போட்டான். பொலிஸ்தான்."

"விசரா, அவன் பேப்பர்க்காரனடா."

"பொலிஸ் எண்டால் பொலிஸ் எண்டு சொல்லிப்போட்டே வரும்?"

"உன்னைப் பிடிக்கவோ ஒருத்தன் ரெண்டு வரியமாச் சட்டி தேய்க்கிறான்? போய்க் கரட்டை உரி."

உரித்தேன். ஆனால் அன்றிலிருந்து, பத்து நிமிட நடையில் இருந்த வீட்டுக்கு மூன்று மெத்ரோ மாறிப் போனேன். மீசையை எடுத்தேன். தபால்காரர் வந்தபோது குளிர் அறைக்குள் ஒளிந்து, வெண்ணெய்ப் பெட்டிகளோடு அரைமணி நேரம் நின்றேன்.

அந்தக் கிழமையே கொப்பி காணாமல் போனது. சாமுவேல் சமையலறையையே தலைகீழாக்கினான். நானும் தொட்டிக்கடியில் தவழ்ந்து தேடினேன். குப்பைத்தொட்டிகளை முற்றத்தில் கவிழ்த்துக் கையால் கிளறினான். பிறகு வந்து, நெடுநேரம் கை கழுவினான். அவனுடைய நாட்டில் ஆட்சி மாறியதும் திரும்பிப் போய்விட்டான்.

எழுத்தை ஏன் விட்டீர்கள் என்று போனில் ஓடிய பேட்டியில் கேட்டார்கள். பாரிஸில் ஒரு கொப்பியோடு அது போய்விட்டது என்றான். நம்பிச் சொன்னவர்களின் கதைகளைத் தொலைத்த பிறகு, இன்னொருவரிடம் போய்க் கேட்க வாய் வரவில்லையாம். தேர்தலில் நின்றான், முதல் தரம் தோற்றான், இரண்டாம் தரம் வென்றான். அன்றைக்குத் தன்னோடு நிலத்தில் தவழ்ந்து தேடிய ஒரு தமிழ்ச் சகோதரனை மறக்கவில்லை என்று சொல்லி, என் பெயரைச் சொன்னான். உண்மைப் பெயரை. பிரெஞ்சுப் பாஸ்போட் வைத்திருக்கும் நான், சட்டென்று கடை வாசலைப் பார்த்தேன்.

அந்தத் தமிழ் ஆளைத் தெரியுமா என்று பெண் கேட்டார். தெரியாது என்று வாழைக்காயைத் தராசில் வைத்தேன்.

அந்தச் சாப்பாட்டுக்கடை இருந்த இடத்தில் இப்போது பல் வைத்தியர். குணமண்ணையும் இல்லை. கொப்பி தொலையவில்லை. அன்று காலை உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில் அதை வைத்து, குப்பை லொறிக்குத் தொட்டியைத் தள்ளிக்கொண்டுபோனது நான். சாமுவேல் தேடத் தொடங்கியபோது லொறி போய் ஒரு மணி நேரமாகியிருந்தது.