குதிகாலில் ஒரு முடிச்சு

யுத்த காலத்தில் புதுக்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்குக் கம்பளி நூலின் வாடை இன்றும் மூக்கில் நிற்கிறது. சித்திரை வெயிலில் வியர்த்து வழிய, பனியைக் கண்ணால் கூடப் பார்த்திராத நாங்கள், எங்கேயோ குளிரில் கிடக்கும் பட்டாளத்துக்காரர்களுக்காகக் காக்கிக் கம்பளியில் மப்ளரும் குல்லாவும் மேஜோடும் பின்னினோம். மற்றப் பெண்களுக்கு அது தானம். எனக்கு அப்படி இல்லை. என் அண்ணன் பட்டாளத்தில் இருந்தான்.

மேஜோடு என்றால் பூட்ஸுக்குள் போடுகிற நீளக் காலுறை. அதில் முடிச்சே இருக்கக் கூடாது என்பது எங்கள் தையல் டீச்சர் போட்ட சட்டம். நூல் அறுந்தால் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து அப்படியே பின்னிக்கொண்டு போக வேண்டும்.

"மொளகு அளவு முடிச்சு இருந்தாப் போதும் பொண்ணுகளா, பூட்ஸுக்குள்ள ஒரசி ஒரசிக் காலப் புண்ணாக்கிரும். நடக்க முடியாதவன் பின்தங்கிருவான். பின்தங்குனவன் ஊரு திரும்ப மாட்டான்" என்பார். கேட்டதும் நான் பின்னுகிற மேஜோட்டுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

என் அம்மா கோயில் வாசலில் பூ விற்றாள். பள்ளிக்கூடம் போகுமுன் நாலு முழமாவது கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன். நார் அறுந்தால் விரல் தானாக முடிச்சுப் போட்டுவிடும், மனசைக் கேட்காது. அந்தப் பாழாய்ப்போன பழக்கம் ஒருநாள் கம்பளியிலும் கைவரிசையைக் காட்டிவிட்டது. மேஜோட்டின் குதிகால் திரும்பும் இடத்தில் நூல் அறுந்தது. பக்கத்தில் இருந்தவளோடு பேச்சு மும்முரம். முழுக்கப் பின்னி முடித்து உள்ளே கையை விட்டுப் பார்த்தபோதுதான் முடிச்சு தட்டுப்பட்டது. பூக்கட்டுகிற முடிச்சு, பல்லால் கடித்தாலும் அவிழாது. பிரித்தால் பாதி மேஜோடு போய்விடும். பட்டாளத்துக்கு அனுப்பும் மூட்டையோ அன்று மத்தியானமே திருச்சிக்குப் போகிறது.

டீச்சர் ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் சாக்கில் போடுவார். என் முறை வந்ததும் சிரித்தார்.

"ஒன் வேலையப் பாக்கவே வேண்டாம்" என்று அப்படியே உள்ளே போட்டுவிட்டார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கெட்டிக்காரி என்ற பெயர் போய்விடுமே!

அன்றிலிருந்து பயம் பிடித்தது. அந்த மேஜோடு என் அண்ணன் கைக்கே போய்விட்டால்? அண்ணனுக்குப் போகாவிட்டால்தான் என்ன, இன்னொருத்தி அண்ணனுக்குப் போகும். தெருவில் யாராவது நொண்டி நடந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். விராலிமலை முருகனுக்குப் படியேறி வருவதாக வேண்டிக்கொண்டேன். எதற்கென்று அவரிடம்கூட விவரமாகச் சொல்லவில்லை.

அடுத்த முறை கம்பளி வந்தபோது, "மேஜோடு வேண்டாங்க டீச்சர், நான் மப்ளர் பின்றேன்" என்றேன். மப்ளரால் யார் காலும் புண்ணாகாது. கெட்டிக்காரியே கைவிட்டபிறகு நமக்கென்ன தலையெழுத்து என்று மற்றப் பெண்களும் மப்ளருக்கு மாறினார்கள். மப்ளர் சுலபம், டீச்சரும் விட்டுவிட்டார். இரண்டு வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துச் சாக்குகளில் மேஜோடு போகவே இல்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்புறம் அண்ணனிடமிருந்து ஒரு கடிதம். 'காலில் சிறு புண். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். கவலைப்பட வேண்டாம்.' அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. 'சின்னக் காய்ச்சல்' என்று மாற்றி வாசித்தேன். என் முடிச்சுதான், என் கைதான் என்று அவன் வருகிற நாள்வரை உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்து வந்தான். வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பூட்ஸைக் கழற்றினான். குதிகாலில் சதை குழிந்து, தோல் பளபளத்தது.

"மேஜோடு ஒரசுனதாண்ணே?" என்றேன்.

"மேஜோடா? அது எங்க ஆத்தா கெடைச்சுச்சு? இருந்த ஒண்ணும் கிழிஞ்சு போச்சு. வெறுங்கால்ல பூட்ஸ மாட்டிக்கிட்டு மலையில நடந்தேன், அதுல வந்த புண்ணு இது." குனிந்து காலைத் தடவிக்கொண்டான். "மப்ளருதான் மூட்டை மூட்டையா வந்து எறங்குச்சு. எந்தப் புண்ணியவதிக பின்னுனாகளோ. கடைசியில அதக் கிழிச்சுத்தான் காலச் சுத்திக்கிட்டு நடந்தோம்."

அந்த மப்ளர் நாங்கள் பின்னிய காக்கி நிறமா என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. பயமாக இருந்தது. கேட்கவில்லை.