பூசைக்குப் பிறகு அசையாத மௌஸ்

சௌந்திரத்தால் ஓரிடத்தில் உட்கார முடியாது. திருச்செங்கோட்டில் இணைய விண்ணப்பம் போட்டுத் தரும் கடை அவளுடையது. மூன்று கணினி, மூன்றிலும் லினக்ஸ் இயங்குதளம். போட்டவளும் அவள், பழுது பார்ப்பவளும் அவள். வேறு ஆளைக் கூப்பிட்டால் மானம் போய்விடும் என்று நினைக்கிற பிறவி.

ஆயுத பூசை முடிந்து மறுநாள் மாலை நான்கு மணிக்குத்தான் கடை திறந்தாள்; மௌஸ் அசையவில்லை. எதிரே சித்ரா, தறிக்கூடத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தவள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க ஐந்து மணிதான் கெடு. அவளுக்கு வயது வரம்பும் இந்த வருடத்தோடு சரி. விசைப்பலகையிலேயே எல்லாம் நிரப்பியாயிற்று. புகைப்படத்தைக் கட்டத்துக்குள் இழுத்துப் பொருத்த மட்டும் மௌஸ் வேண்டும்.

“ஆயிருமுங்களா அக்கா?”

“ஆயிரும், இருங்க.” சொன்னவளுக்கே நம்பிக்கையில்லை.

வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினாள். இணைந்த கருவிகளின் பட்டியலைக் கேட்டாள்; மௌஸின் பெயர் ஒழுங்காக இருந்தது. பக்கத்துக் கணினியின் மௌஸை மாட்டினாள், அதுவும் அசையவில்லை. மூன்றாவதும் அப்படியே. ஒரே நாளில் மூன்றுமா கெடும்? பழி லினக்ஸ் மேல் விழுந்தது. மௌஸை இயக்கும் டிரைவர் நிரலைக் கழற்றி மறுபடி ஏற்றினாள். எழுந்தாள், உட்கார்ந்தாள், மின்விசிறியைத் திட்டினாள். மணி நாலே முக்கால்.

மௌஸ் அனுப்புவதை அப்படியே திரையில் காட்டும் கட்டளையைத் தட்டினாள். பொத்தானை அழுத்தினால் எழுத்து ஓடியது; நகர்த்தினால் ஒன்றுமில்லை. அப்படியென்றால் கணினி நன்றாகத்தான் இருக்கிறது. மௌஸுக்குத்தான் கண் தெரியவில்லை.

புரட்டினாள். வெளிச்சம் வரும் துளையை அடைத்துக்கொண்டு சந்தனம், நடுவில் குங்குமம். மேலே வைத்தால் வருகிறவர்கள் கையில் ஒட்டுமே என்று மூன்றுக்கும் அடியில் பொட்டு வைத்தது அவளேதான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

முந்தானையால் துடைத்தாள். நாலு ஐம்பத்தாறுக்கு விண்ணப்ப எண் வந்தது.

“என்ன கோளாறுங்க அக்கா?”

சர்வர் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கலாம். பத்து வருடம் முன்பு வேறொரு கடையில் அப்படிச் சொல்லித்தான் அரசு வேலைக்கு சௌந்திரத்துக்கு இருந்த கடைசி வாய்ப்பைக் கெடுத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

“நாந்தாங்க கோளாறு. பொட்டு வெச்சு அதோட கண்ண மூடிட்டேன்.”

சித்ரா அச்சிட்ட தாளை மடித்தாள்.

“அடுத்த வருசம் மேலயே வெய்யுங்க அக்கா. கையில ஒட்டுனா கழுவிக்கறோமுங்க.”