கடலை அடித்த ராக்கியண்ணன்

நூல்கடை குப்புசாமி குமாரபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து, அஸ்தம்பட்டியில் என் தையல்கடை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "டெய்லருங்க, மிசினை நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். "நம்மாளை அந்தப் பாவி வெட்டிப்போட்டானுங்க. வாய்க்கால்ல குனிஞ்சு தண்ணி குடிச்சிட்டிருந்தாருங்களாம். பொறத்தால வந்து வெட்டிப்போட்டான்." வெட்டினது யார் என்று நான் கேட்கவில்லை. பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில் பூமி வைத்திருந்த எங்கள் சிநேகிதர் ராக்கியண்ணனுக்கு அந்த முடிவைக் கொடுக்க ஒருவன்தான் இருந்தான். அவருடைய சித்தப்பா மகன், பங்காளி செல்லப்பன்.

பிரேதத்தை எடுத்து முடித்த அன்றே, ஊரில் ஒரு படித்த மனிதர் என் காதுபடச் சொன்னார்: "கத்தி எடுத்தவன் கத்தியாலதான் சாவான்." அது எங்கள் வேதத்தில் உள்ள வாக்கு. மாதா கோவிலில் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். ஆனால் ராக்கியண்ணன் ஜென்மத்தில் கத்தி எடுத்தவர் இல்லை. அவர் எடுத்தது கையை மட்டும்தான். இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு இன்னும் உடம்பு கொதிக்கிறது.

இதைப் படிக்கிற உங்களில் அந்தக் கையால் வாங்கியவர்கள் இருக்கிறீர்கள். சந்தையில் சினைமாட்டின் வாலைக் கடித்ததற்கு வாங்கியவர் உண்டு. கல்யாணப் பந்தியில் கூலிக்காரனை எழுப்பி விட்டதற்கு, இலைக்கு முன்னாலேயே வாங்கிப் பல்லை இழந்தவரும் உண்டு. அவரைச் சாந்த சொரூபியாக ஜோடிக்க நான் வரவில்லை. அவரே ஒப்புக்கொள்வார்: "பேச்சு எனக்கு மெதுவாத்தாங்க வரும். அதுக்குள்ள கை போயிருது."

எங்கள் சிநேகிதமே ரத்தத்தில் ஆரம்பித்தது. யுத்த காலத்தில் கரியில் ஓடின பஸ் ஒன்று சங்ககிரிக்கு இந்தப் பக்கம் பள்ளத்தில் உருண்டது. உள்ளே நான், குப்புசாமி, இன்னும் பலர். ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு கிடந்தோம். அதே பஸ்ஸில் வந்த ராக்கியண்ணன் எப்படியோ வெளியே விழுந்து, தகரத்தைக் கையாலேயே பிய்த்து, எங்களை ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார். அவருடைய விரல்களில் எலும்பு தெரிந்தது. எல்லாரையும் எடுத்த பிறகு, தூங்கி வழிந்து வண்டி ஓட்டிய டிரைவரைத் தேடிப் பிடித்துக் கன்னத்தில் இரண்டு வைத்தார். வைத்த பிறகுதான் டிரைவருக்குக் கால் ஒடிந்திருப்பதைப் பார்த்தார். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஏறினவரும் அவர்தான். ஆஸ்பத்திரியில் நாங்கள் மூன்று பேரும் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம். அதிலிருந்து பிரியவில்லை.

அவருக்கும் செல்லப்பனுக்கும் ஒரே கிணறு. தண்ணீர் இறைக்க ஆளுக்கு ஒரு நாள் முறை. ராக்கியண்ணன் முறையன்று, மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையின் வடத்தைச் செல்லப்பன் அறுத்து விட்டான். தோல் பறி கிணற்றுக்குள் போனது; இழுத்துக்கொண்டிருந்த மாடு இரண்டும் முன்னால் உருண்டு கழுத்தை ஒடித்துக்கொண்டிருக்க வேண்டியது. ராக்கியண்ணன் நேரே போய் அவன் வலது கையை ஒடித்து விட்டார். திருச்செங்கோட்டுக் கச்சேரியில் கேஸ் நடந்து, ஒரு வருஷத்துக்கு யார் மேலும் கை வைப்பதில்லை என்று அவரிடம் ஜாமீன் எழுதி வாங்கினார்கள். மீறினால் ஜெயில். "பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டு" என்பார்கள். செல்லப்பன் பதம் பார்க்கத் தொடங்கினான். தினமும் இரண்டு சாட்சிகளோடு வரப்பில் வந்து நின்று, செத்துப்போன பெரியாத்தாளைப் பற்றி, அதாவது ராக்கியண்ணனின் தாயைப் பற்றி, காதால் கேட்கக் கூடாததைப் பேசுவான்.

வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது அவர் சம்சாரம் பாவாயி குப்புசாமியிடம் வந்து அழுதது. "அண்ணா, இவரைக் கண்காணாம எங்காச்சும் கூட்டிட்டுப் போயிருங்க. ராத்திரியெல்லாம் செவுத்தைக் குத்திக்கிட்டு உக்காந்திருக்கறாரு. ஒரு அடி அடிச்சாப் போதும், உள்ள தள்ளிருவாங்க. அவன் எங்க வெள்ளாமையை அறுத்துக்குவான்."

காரைக்காலில் என் சித்தி இருந்தாள். சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி, செத்தும் போயிருந்தார். கடற்கரைப் பாதையில் வீடு சும்மா கிடந்தது. வாடகை இல்லை, மீன் சல்லிசு. ஈரோட்டில் ரயில் ஏறி, பேரளத்தில் மாறி, மூன்று பேரும் போய் இறங்கினோம். அது பிரெஞ்சுக்காரன் ஆளுகிற ஊர், இங்கிலீஷ்காரன் போலீஸ் அங்கே வர முடியாது என்பதுதான் எங்கள் யோசனை. அதன் அடுத்த பாதியை ராக்கியண்ணன் ரயிலிலேயே கண்டுபிடித்து விட்டார். "ஏனுங்க டெய்லரே, அப்ப அங்க எவனையாச்சும் அடிச்சா, நம்மூர்ச் சாமீனு முறியாதுங்களே?" என்று கேட்டார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்துக் குப்புசாமிக்கு வேர்த்து விட்டது.

அந்தத் தெருவில் பென்ஷன்காரர்கள் நிறையப் பேர். சைகோனிலும் பிரான்சிலும் துப்பாக்கி பிடித்தவர்கள். அந்த ஊரில் அவர்களைச் சொல்தா என்பார்கள். காலையில் காப்பியும் ரொட்டியும், தலையில் ஓலைத் தொப்பி, கடற்கரையில் சீட்டுக்கட்டு, மதியம் தூக்கம், சாயங்காலம் மறுபடி கடற்கரை. நாற்பது வயதைத் தொட்டும் தொடாமலும் இருந்த நாங்கள் அவர்களோடு சேர்ந்து கிழவர்களாக வாழ்ந்தோம். குப்புசாமி ஒரு தொப்பி வாங்கி, தூங்கும்போதும் கழற்றாமல் கிடந்தார். எனக்கு ஊசியைத் தொடாத நாட்கள் சொர்க்கமாக இருந்தன. ராக்கியண்ணன் மட்டும் கூண்டுக்குள் நடப்பதுபோல் நடந்தார். சீட்டில் ஏமாற்றிய ஒரு சொல்தாவை அவர் பார்த்த பார்வையில், அந்த மனிதர் சீட்டை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஒரு காலையில் அவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். அலை வந்து அறைந்து அவரைக் கீழே தள்ளியது. எழுந்தார். அடுத்த அலையை முஷ்டியால் ஓங்கிக் குத்தினார். அதற்கடுத்ததையும் குத்தினார். தோள் சோர்ந்து விழும்வரை கடலை அடித்தார். பல்லைக் கடித்து, செல்லப்பன் பெயரைச் சொல்லிச் சொல்லி அடித்தார். கரைக்கு வந்து மணலில் மல்லாந்து விழுந்து, "ஆகாங்க! எத்தனை அடிச்சாலும் திரும்பத் திரும்ப வருது. கேசும் இல்லை, கச்சேரியும் இல்லை" என்றார். அன்று முதல் அதுதான் அவருக்குக் காலை வேலை. பென்ஷன்காரர்கள் சீட்டை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். ரொட்டியை நிம்மதியாகத் தின்று மதியத்தில் குறட்டை விட்டுத் தூங்கவும் ஆரம்பித்தார். காப்பாற்றிவிட்டோம் என்று நானும் குப்புசாமியும் நினைத்தோம்.

நாங்கள் போன ஊரை எப்படியோ துப்பறிந்த செல்லப்பனும் எங்களைப்போலவே யோசித்திருக்கிறான். இங்கிலீஷ்காரன் போலீஸ் வராத ஊரில் வெட்டினால் யார் கேட்பது? கிணறு ஒன்று என்றால் புத்தியும் ஒரே ஊற்றுதான் போலிருக்கிறது. அன்று ராக்கியண்ணன் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைக் குத்திக்கொண்டிருந்தார். படகுகளுக்குப் பின்னாலிருந்து செல்லப்பன் அரிவாளோடு ஓடித் தண்ணீரில் இறங்கினான். நாங்கள் கத்தினோம். அலைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. முதல் வெட்டு தோளில் இறங்கியது. இரண்டாவதற்கு ஓங்கும்போது அலை அவன் காலை வாரிவிட்டது. கிணற்றையும் காவேரியையும் தவிர வேறு தண்ணீர் அறியாதவன். அரிவாள் போன இடம் தெரியவில்லை.

ராக்கியண்ணன் திரும்பினார். தோளிலிருந்து ரத்தம் முழங்கை வழியாக ஒழுகியது. அவன் குடுமியைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினார். அவன் கைகள் வெளியே வந்து காற்றைப் பிறாண்டின. தண்ணீர் சிவந்தது. கரையில் என் பக்கத்தில் நின்ற ஒரு கிழட்டுச் சொல்தா, "முடிச்சுடுய்யா! முடிச்சுடு!" என்று கூவினார். நிறுத்து என்று கரையில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவன் கைகள் அடங்கிக்கொண்டே வந்தன. அப்போது ராக்கியண்ணன் குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார். பிறகு குடுமியைப் பிடித்தபடியே அவனைக் கரைக்கு இழுத்து வந்து, குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார். உப்புத் தண்ணீரைக் கக்கி அவன் கண்ணைத் திறந்ததும் ஒரு அறை விட்டார். "எந்திரிச்சு ஊட்டுக்குப் போடா" என்றார்.

போலீஸ் வருவதற்குள் செல்லப்பன் ஓடிவிட்டான்; ராக்கியண்ணன் அவன் பெயரை அவர்களிடம் சொல்லவும் இல்லை. அதற்கிடையில் ஒரு சொல்தா என் ஊசியையும் நூலையும் வாங்கி, அவர் தோளைத் தைத்தார். நூல் கோத்துக் கொடுத்தவன் நான். "ஏன் விட்டீங்க?" என்று குப்புசாமி கோபமாகவே கேட்டார். "அவனுக்கு அவனைப் பெத்த எங்க சின்னாத்தா மூஞ்சிங்க. தண்ணிக்குள்ள அந்தக் கண்ணு முழிச்சு என்னைப் பாத்துது. அப்பறம் எப்பிடிங்க?" என்றார் ராக்கியண்ணன். வேறு விளக்கம் அவர் எந்த நாளும் சொன்னதில்லை.

ஜாமீன் வருஷம் முடிந்து ஊர் திரும்பி, தன் வெள்ளாமையைத் தானே அறுத்தார். ஒன்றிரண்டு வருஷம் செல்லப்பன் வாயைத் திறக்கவில்லை. பிறகு அந்தக் கிணற்றுக்கு ராக்கியண்ணன் ஆயில் எஞ்சின் வாங்கி வைத்தார். தண்ணீரையெல்லாம் அவரே உறிஞ்சிவிடுவார் என்று யாரோ செல்லப்பன் காதில் ஓதினார்கள். கடலில் பிழைத்து வந்தவன் வாய்க்காலில் அவரை வெட்டினான். படித்த மனிதரே, இப்போது சொல்லும், கத்தி எடுத்தவர் யார்?

போன வாரம் செல்லப்பனைச் சேலம் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நானும் குப்புசாமியும் போனோம். விலங்கோடு தாழ்வாரத்தில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நான் போட்டிருந்த கோட்டைப் பார்த்து என்னை வக்கீல் குமாஸ்தா என்று நினைத்த போலீஸ்காரர் விலகி வழிவிட்டார். நான் பிறந்ததிலிருந்து யாரையும் அடித்தவன் இல்லை. கிட்டே போய் அவன் கன்னத்தில் என் பலத்தையெல்லாம் சேர்த்து அறைந்தேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். விலங்கு போட்ட கையால் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. "இன்னொண்ணு அடிங்க சாமி" என்றான்.

என் கை மேலே போய்விட்டது. போலீஸ்காரர் இன்னும் எங்களைத் தொடவில்லை. அடிப்பதற்கு எல்லா நேரமும் எனக்கு இருந்தது. நான் கையை இறக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அடிக்காத அந்த இரண்டாவது அடி இன்னும் என் கையிலேயே இருக்கிறது. ராக்கியண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.