அவகாசம் உண்டு

என் சித்தப்பா யாரையும் கைநீட்டி அடித்தவர் அல்ல, தம் தொடையைத் தவிர. தொடை என்ற ஒன்றைப் பகவான் அவருக்குத் தாளம் போடுவதற்காகவே கொடுத்திருக்கிறார் என்று அப்பா சொல்வார். சாப்பிடும்போது இடது கை, மற்ற நேரமெல்லாம் வலது கை. சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆபீசிலும் தாளம் போடுகிறாரா என்று கேட்கப் பயந்து யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷம்தான் சித்தி கல்யாணமாகிக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து மலையாளச் சீமையில் எங்கள் கரமனைக்கு வந்தாள். பதினெட்டு வயது இருக்கும். மலையாளம் ஓர் எழுத்துத் தெரியாது. வந்த சில நாளிலேயே தெருவையே சிரிக்க வைத்துவிட்டாள். மாட்டுக்குக் கழுநீர் எடுக்கத் தினமும் கொல்லைப்புறம் வரும் பால்காரி, அன்று தாகத்துக்கு, "கொச்சம்மா, கொறச்சு வெள்ளம் வேணும்" என்று கேட்டிருக்கிறாள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். சித்திக்கு அது எப்படித் தெரியும்? தெருவுக்குப் பின்னால் கரமனை ஆறு, இரண்டு நாளாக விடாத மழை வேறு. "மன்னி! ஆத்துல வெள்ளமாம், பால்காரி சொல்றா!" என்று உள்ளே ஓடிவந்தாள். அம்மா ஊறுகாய் ஜாடிகளைப் பாதிவரை பரணில் ஏற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. பால்காரி கொல்லையில் சிரித்துச் சிரித்து இருமினாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் சிநேகம்.

அவமானம் தாங்காமல் சித்தி என்னிடம் மலையாளம் படிக்க ஆரம்பித்தாள். எனக்கு ஒன்பது வயது. என் பள்ளிப் பாடப்புத்தகம், கையில் ஓர் அடிக்கோல், மத்தியானம் சமையல் முடிந்த வேளை. இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? தப்பாகச் சொன்னால் தரையில் அடிக்கோலால் தட்டுவேன். நாய்க்குப் பட்டி என்று சொல்லிக்கொடுத்தால், "எங்க ஊர்ப் பக்கத்துல எத்தனை பட்டி இருக்கு தெரியுமோ, அத்தனையும் நாயா?" என்று சண்டைக்கு வருவாள். அவள் மலையாளம் தேறவே தேறாது என்று வீட்டில் எல்லாரும் தீர்மானமாக இருந்தார்கள். என் மாணவியை இப்படிச் சொல்கிறார்களே என்று எனக்கு மட்டும் உள்ளுக்குள் எரியும்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய காலம் அது. ஊரில் கூட்டமும் ஊர்வலமுமாக இருந்ததால் போலீசுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். ஒரு நாள் காலையில் சித்தப்பா ஆபீசுக்குப் போகும் வழியில் என்னைப் பள்ளியில் விட அழைத்துப் போனார். எங்கள் தெரு பெரிய சாலையில் சேரும் இடத்தில் கூட்டம் நின்றிருந்தது. பெரிய இடத்துக் கார் ஒன்று பாலம் தாண்டி வரப்போகிறதாம். கூம்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர்கள் ஜனங்களை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் முன்வரிசையில் நின்றோம்.

நிற்கச் சொன்னால் சித்தப்பாவின் கை சும்மா இருக்குமா? ஆதி தாளம் ஆரம்பமாகிவிட்டது. ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, அப்புறம் ஒரு தட்டு ஒரு வீச்சு, மறுபடியும் ஒரு தட்டு ஒரு வீச்சு. வீச்சு என்றால் உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையைத் திருப்புவது. தாளம் தெரிந்தவர்களுக்கு அது வீச்சு. தெரியாதவர்களுக்கு, 'போடா, உன்னால் என்ன ஆகும்?' என்று கேட்பதுபோல் இருக்கும். எதிரே நின்ற ஹெட் கான்ஸ்டபிளுக்கு, ஊர் வழக்கில் ஏட்டுக்கு, தெரியவில்லை.

"எந்தாடா நீ கையி காட்டுந்நது?" என்று பக்கத்தில் வந்தான்.

சித்தப்பா எங்கேயோ ராகத்துக்குள் இருந்தவர், திடுக்கிட்டு விழித்து, உள்ளதைச் சொன்னார். "தாளமாக்கும் ஸார்."

"என்டெ நேர்க்கோடா நின்டெ தாளம்?" என்னைப் பார்த்தாடா உன் தாளம் என்று.

தடி சித்தப்பாவின் கைமேல் இறங்கியது. அந்தச் சத்தத்தை என்னால் இப்போதும் எழுத முடியவில்லை. இரண்டாவது அடியும் அதே கையில். மூன்றாவது, கன்னத்தில் அறை. சித்தப்பா கத்தவில்லை. தம் கையை, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். குழந்தைகளைத்தான் அடிப்பார்கள் என்று நான் அதுவரை நம்பியிருந்தேன். பெரியவர்களையும் அடிக்கலாம், அதுவும் நடுச்சாலையில், பட்டப்பகலில், எல்லாரும் பார்த்திருக்க அடிக்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. எல்லாரும் பார்த்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அத்தனை பேரும் சாலையைத்தான் பார்த்தார்கள். ஏட்டு சித்தப்பாவின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துப் போனான். அதற்கப்புறம்தான் கார் வந்தது. கூட்டம் கைகூப்பியது. நான் வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். குடுமியை முடிந்தபடியே ஸ்டேஷனுக்கு ஓடினார். அம்மா அழ ஆரம்பித்தாள். சித்தி அழவில்லை. என் இரண்டு தோளையும் பிடித்து உட்கார வைத்து, "அடிச்சவன் எப்படி இருந்தான், சொல்லு" என்றாள். முகம் எனக்கு ஞாபகம் இல்லை. என் உயரத்துக்கு எதிரே இருந்தது அவன் இடுப்பு பெல்ட்தான். அதன் பித்தளை வில்லையில் இருந்த நம்பர் கண்ணுக்குள்ளேயே இருந்தது. "நூத்திப் பதினேழு" என்றேன். சித்தி அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். நான் அவளுக்குப் பாடம் எடுப்பது போய் அவள் எனக்கு எடுத்தாள். "மலையாளத்துல சொல்லு" என்றாள். சொன்னேன்.

பால்காரி கழுநீருக்கு வந்தாள். சித்தி கொல்லைப்புறம் போனாள். கிணற்றடியில் இரண்டு தலையும் ஒன்றாகக் குனிந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டில் இவ்வளவு நடக்கும்போது மாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அப்பா திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "குடிச்சுட்டு ரோட்டுல கலாட்டா பண்ணினான், போலீசை அடிக்கக் கை ஓங்கினான்னு கேஸ் எழுதியிருக்கா. காலம்பற ஒம்பது மணிக்குக் குடிச்சானாம்! தப்புதான்னு மாப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டா விட்டுடறோம், இல்லேன்னா கோர்ட்டுங்கறார் இன்ஸ்பெக்டர். சாயங்காலம் வரைக்கும் டயம் குடுத்திருக்கார்."

"குடிச்சேன்னு எழுதிக் குடுத்தா வேலை இருக்குமோ?" என்றாள் அம்மா.

"உயிர் இருக்கும். போலீசோட நாம மல்லுக்கு நிக்க முடியுமோ?"

சித்தி அப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள், வழக்கம் அப்படி. கதவுக்குப் பின்னாலிருந்து, "மன்னி, நானும் வரேன்னு அண்ணாகிட்ட சொல்லுங்கோ" என்றாள்.

"பொம்மனாட்டி தனியா ஸ்டேஷன் படி ஏறறதா? நன்னா இருக்கு!" என்றார் அப்பா.

"தனியா வரலை, குழந்தையையும் கூட்டிண்டு வரேன்னு சொல்லுங்கோ."

அப்பா மேல்வேஷ்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஸ்டேஷனில் சித்தப்பா தரையில் மூலையில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. விரல்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டி, கை பணியாரம்போல் ஊதியிருந்தது. எங்களைப் பார்த்ததும் அதை வேட்டிக்குள் மறைக்கப் பார்த்தார். சித்தியின் கை என் கையை நெரித்தது. இன்ஸ்பெக்டர் மரியாதைக்காரர். "ஸ்வாமி இரிக்கணும்" என்று அப்பாவுக்கு நாற்காலி காட்டினார். கீழே உட்கார்ந்திருப்பதும் ஒரு ஸ்வாமிதான் என்பது அவர் கண்ணில் படவில்லை. தயாராக எழுதி வைத்திருந்த மாப்புக் காகிதத்தை எடுத்து வைத்தார். கதவருகே ஏட்டு நின்றுகொண்டிருந்தான்.

சித்தப்பாவின் கையில் பேனாவைக் கொடுத்தார்கள். விரல் மடங்கவில்லை, பேனா விழுந்தது. அப்பா எழுந்து போய், "நான் பிடிச்சுக்கறேன், நீ மெள்ள எழுது" என்று குனிந்தார்.

"வேண்டாம்" என்று சித்தியின் குரல் கேட்டது.

எல்லாரும் திரும்பினார்கள். சித்தி தலையை நிமிர்த்தாமல், ஆனால் நன்றாகக் கேட்கும்படி, சித்தப்பாவின் கையைக் காட்டி, "டாக்டர். அவகாசம் உண்டு" என்றாள்.

எனக்கு அது சாதாரணமாகத்தான் பட்டது. வீட்டில் நாங்கள் தினம் பேசும் வார்த்தை. சாயங்காலம் வரை நேரம் இருக்கிறதே, முதலில் டாக்டரிடம் காட்டலாமே என்கிறாள். இதற்கு ஏன் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார வேண்டும்? அப்பா படபடவென்று, "நேரம் உண்டென்னாணு ஸார் பறயுந்நது. ஊருக்குப் புதுசு, பாஷை தெரியாது" என்று இரண்டு பாஷையையும் போட்டுக் குழப்பினார்.

இன்ஸ்பெக்டர் அப்பாவைப் பார்க்கவே இல்லை. சித்தியையே பார்த்து, "ஆரா இது பறஞ்ஞு தந்நது?" என்று கேட்டார். யார் உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது என்று.

சித்தி பேசவில்லை. எனக்கோ, எத்தனையோ மாதமாகக் காத்திருந்த கேள்வி அது! கடைசியில் ஒருத்தர், அதுவும் இன்ஸ்பெக்டர், என் மாணவியின் மலையாளத்தைக் கவனித்து, வாத்தியார் யார் என்று கேட்கிறார்.

"ஞான்!" என்றேன். போதாதென்று, "ஞானாணு படிப்பிச்சது" என்று சேர்த்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் என்னைக் கீழே குனிந்து பார்த்தார். கேலியாகவா, கோபமாகவா தெரியாது, "வேறெ எந்தொக்கெ அறியாம்?" என்றார். வேறு என்னென்ன தெரியும் என்று கேட்டால், பரீட்சைக்கு வந்த இன்ஸ்பெக்டருக்குச் சொல்வதுபோல, கடைசியாகப் படித்த பாடத்தைத்தானே ஒப்பிக்க வேண்டும்?

"நூற்றிப் பதினேழு" என்றேன். "அடிச்சது."

கதவருகே நின்ற ஏட்டின் கை மெதுவாக பெல்ட் வில்லையை மூடியது. இன்ஸ்பெக்டர் அவனை ஒரு முறை பார்த்தார், என்னைப் பார்த்தார், சித்தப்பாவின் கையைப் பார்த்தார். பிறகு மாப்புக் காகிதத்தை மேஜை டிராயருக்குள் போட்டு, "ஆஸ்பத்திரியில் கொண்டு போய்க்கோளூ" என்று அப்பாவிடம் சொன்னார்.

சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் கையைப் பார்ப்பதற்கு முன்னால் சித்தி என்னை முன்னே தள்ளி, போலீஸ் என்ன சொல்லியிருக்கிறது என்று சொல்லச் சொன்னாள். டாக்டர் சித்தப்பாவை வாய் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தார். "காப்பி மணம்" என்றார். சாராய வாடை துளியும் இல்லை என்பதையும், சுண்டுவிரல் எலும்பு முறிந்திருப்பதையும் எழுதினார். அந்தக் கேஸ் அதன்பின் எந்தக் கோர்ட்டுக்கும் போகவில்லை. சித்தப்பாவின் வேலை தப்பியது. நூற்றுப் பதினேழுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே சாலை முனையில்தான் நின்றான். எங்களைக் கண்டால் மட்டும் ஆற்றுப் பக்கம் பார்ப்பான்.

மறுநாள் பால்காரி எனக்கென்று தனியாக ஒரு டம்ளர் பால் ஊற்றினாள். "மிடுக்கி" என்று என் கன்னத்தைத் தடவினாள். கெட்டிக்காரி என்று அர்த்தம். அவள் கண் ஏன் கலங்கியது என்று தெரியவில்லை. என் மலையாளத்தைப் பற்றி ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வகுப்பு தாண்டிய பிறகு, மலையாள வாத்தியார் ஒரு நாள் போர்டில் அவகாசம் என்று எழுதி அர்த்தம் கேட்டார். முதலில் கையைத் தூக்கியது நான்தான். நேரம் என்றேன். வகுப்பு சிரித்தது. அது உங்கள் வீட்டுத் தமிழில் என்றார் வாத்தியார். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. நமக்குச் சேர வேண்டியது, நாம் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாதது. நான் உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தியைக் கொல்லைக்கு இழுத்துப் போனேன். "இதை நான் சொல்லிக் குடுக்கவே இல்லையே! யாரு சொல்லிக் குடுத்தா?"

சித்தி சுற்றும்முற்றும் பார்த்தாள். "பால்காரி" என்றாள்.

பால்காரியின் தம்பியையும் அதே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்களாம், சித்தி கரமனைக்கு வருவதற்கு முந்திய வருஷம். அவளும் அதே படி ஏறி, டாக்டரிடம் காட்ட அவகாசம் உண்டு என்று அதே வார்த்தையைத்தான் சொன்னாளாம். அவளிடமும் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்களாம். அவளிடம் கையால் கேட்டார்களாம்.

"தம்பி?" என்றேன்.

"திரும்பி வரலை" என்றாள் சித்தி. "என் பேரை மாத்திரம் சொல்லிடாதீங்கோ கொச்சம்மான்னு அன்னிக்குக் கிணத்தடியில என் கையைப் பிடிச்சுண்டு கேட்டா. அந்த மனுஷன் ஆருன்னு கேட்டதும் எனக்கு நாக்கு மேலே ஒட்டிண்டுடுத்து. சொல்லாம இருந்தா விடமாட்டான், பொய் சொல்லவும் வாய் வரலை. அப்பதான் நீ 'ஞான்'னு சொன்னே."

உள்ளே கூடத்தில் சித்தப்பா தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தட்டு, பிறகு நிமிராத சுண்டுவிரலுக்காக ஒரு சின்ன நிறுத்தம், அப்புறம் அடுத்த விரல். ஒரே வார்த்தை. சித்தி சொன்னபோது எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. பால்காரி சொன்னபோது அவளை என்ன செய்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் அவள் வந்தபோது, கழுநீரை நானே தூக்கிக்கொண்டு போனேன். "இந்நு மோளாணோ?" இன்றைக்கு மகளா என்று கேட்டு, சிரித்தபடி பாத்திரத்தை நீட்டினாள். ஊற்றினேன். அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு இரண்டு பாஷையிலும் தெரியவில்லை.