மூன்று பாஷையிலும் ஒரே படம்

எண்பத்து மூன்றாம் வருஷக் கலவரம் அடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. ராகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எதுவும் எரியவில்லை. ஆனால் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த என் அக்கா மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கடை எரிந்துபோனது என்று மட்டும் பஜாரிலிருந்து ஒருவர் சொல்லியனுப்பினார். உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. அக்காவுக்கு அவன் ஒரே பிள்ளை. புருஷன் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் தினமும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தாள், வந்து சமைத்தாள், அவனுக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள். நான் பக்கத்துக் காம்பரா அறையில் தனியாக இருந்தேன். என்ன சொல்லி அவளைத் தேற்றுவது என்று தெரியாமல் விறகு மட்டும் பிளந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரே ஒரு டிவி இருந்தது. கடைசிக் காம்பராவில் குடியிருந்த லொறி டிரைவருடையது. கறுப்பு வெள்ளைப் பெட்டி. லயத்துக்குக் கரண்ட் வராத காலம் அது. லொறியிலிருந்து கழற்றிய பழைய பெட்டரியில் ஓடியது. கூரைக்கு மேலே மூங்கிலில் ஏரியல் கட்டி, டிவி கோபுரம் இருந்த பீதுரு மலைப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அதிலிருந்து வந்த வயர் முன் தாழ்வாரமான இஸ்தோப்பு முழுக்கத் தூணுக்குத் தூண் ஓடி அவர் ஜன்னல் வழியாக உள்ளே போகும்.

அந்த டிவிக்கு ஒரு வியாதி இருந்தது. வெயில் நாளில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். மழை நாளில் வரும், போகும். மழை மலையை மறைத்துவிடுகிறது, அதனால்தான் என்று எல்லோரும் சொல்லிவிட்டோம். மழைக்கு யார் என்ன செய்ய முடியும்? அதனால் அதை யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

அன்றைக்கும் மழை. தமிழ்ச் செய்தி கேட்க டிரைவர் வீட்டில் ஆட்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்துக்குள் நுழைவது எனக்கு எப்போதும் முடியாத காரியம். நான் இஸ்தோப்பில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மடுவத்தில் கொழுந்து நிறுக்கத் தாமதமாகி அக்கா கடைசியாக ஓடிவந்தாள். போர்த்தியிருந்த கம்பளியை உருவி வெளியே போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு உள்ளே போனாள்.

டிவியில் கொழும்பு அகதி முகாம் ஒன்றைக் காட்டினார்கள். பெரிய மண்டபம். ஆட்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். படம் துள்ளத் தொடங்கியது. வரிசையில் ஒரு பையன் கழுத்தைத் திருப்பினான்.

“ஐயோ, எம் புள்ள!” என்று அக்கா எழுந்தாள்.

அந்தக் கணத்தில் படம் போய்விட்டது. மணல் கொட்டுவது மாதிரி இரைச்சல் மட்டும் வந்தது.

“அவன்தான். கழுத்தத் திருப்புற மாதிரியே பாருங்க. எனக்குத் தெரியாதா?” அக்கா பெட்டியின் கண்ணாடியைக் கையால் துடைத்தாள். துடைத்தால் தெரியும் என்பது போல.

டிரைவர் பெட்டியின் பக்கவாட்டில் ரெண்டு தட்டுத் தட்டினார். வரவில்லை. “தங்கச்சி, பதறாத. இதே செய்தி இன்னும் சிங்களத்துல வரும், அப்புறம் இங்கிலீஷ்ல வரும். வாய்தான் வேற, படம் ஒன்னுதான். அதுக்குள்ள இந்தப் பொட்டிய வழிக்குக் கொண்டாந்துருவோம்” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, “என்ன மாப்புள, அங்கயே நின்னுக்கிட்டு இருக்க? கூரைல ஏறு!” என்றார். எனக்குக் கல்யாணம் ஆகாததால் அவர் என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

மழையில் ஏறி மூங்கிலைப் பிடித்தேன். தகரம் வழுக்கியது.

“வந்திருச்சா?”

“வரல! இன்னும் கொஞ்சம் திருப்பு!”

“இப்ப?”

“வந்துச்சு, வந்துச்சு! அசையாத! அப்புடியே நில்லு!”

“எவ்வளவு நேரம்ணே நிக்கிறது?”

“ஆடாம நின்னா ஒனக்குப் பொண்ணு பாக்குறேன்!”

உள்ளே சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் “போயிருச்சு!” என்று கத்தினார்கள். நான் அசையவே இல்லை. கூரையில் இருக்கும்போதே அது மனதில் தட்டியது. நான் அசையாமல் நிற்கும்போதும் படம் போகிறது என்றால் கோளாறு ஏரியலில் இல்லை.

கீழே டிரைவர் பெட்டரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முனைகளில் பச்சையாகப் பூத்திருந்ததைச் சுரண்டி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, மறுபடி இறுக்கினார். படம் வந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அடுப்படியிலிருந்து யாரோ வெளியே வந்து இஸ்தோப்பைக் கடந்தார்கள், படம் போனது. உள்ளே ஆளுக்கு ஆள் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிங்களச் செய்திக்கு முந்திய பாட்டு நிகழ்ச்சி அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மட்டும் தரையில் உட்கார்ந்து அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கீழே இறங்கி, கூரை விளிம்பிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே தூண் தூணாக வந்தேன். எங்கள் லயத்தில் அந்த வயர்தான் பெண்களுக்குக் கொடி. மலையிலிருந்து வந்ததும் நனைந்த கம்பளியை அதில்தான் போடுவார்கள். அது கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது, டிரைவரும் ஒன்றும் சொல்வதில்லை. மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் ஒரு கம்பளி தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கியது. வயர் அதன் பாரத்தில் தொய்ந்து, யார் உரசினாலும் ஆடியது. அங்கேதான் இரண்டு துண்டு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் பிசுபிசுத்து, உள்ளே செப்புக் கம்பி விலகி நின்றது.

மழை மலையை மறைக்கவில்லை. மழை பெய்தால் எல்லோருடைய கம்பளியும் நனையும், நனைந்த கம்பளி வயரில் ஏறும். அவ்வளவுதான் விஷயம்.

கம்பளியை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் பச்சை நூல் தையல். அக்காவுடையது. இஸ்தோப்புக் குட்டிச் சுவரில் அதைப் போட்டேன். வயரைப் பல்லால் உரித்து முறுக்கி, தொய்வு வராமல் தூணில் கட்டினேன். உள்ளே “ஆ!” என்று சத்தம் கேட்டது.

டிரைவர் வெளியே வந்தார். “என்ன பண்ணுன?”

சொன்னேன்.

“அடப்பாவிகளா, ஒரு வருஷமா மழையத் திட்டிக்கிட்டு இருந்தோமே! தெரிஞ்சிருந்தா கம்பளிக்கு வாடகை வாங்கியிருப்பேன். இது யாரு கம்பளி?”

பின்னால் அக்கா வாசலில் நின்றாள். “என்னுதுதான்” என்றாள். டிரைவர் அதற்குப் பிறகு வேடிக்கை பேசவில்லை. “உள்ள வா தங்கச்சி, ஆரம்பிக்கப் போறான்” என்று முன்னால் இடம் பண்ணிக் கொடுத்தார்.

சிங்களச் செய்தி வந்தது. படம் துளிகூட ஆடவில்லை. அதே மண்டபம், அதே வரிசை. நானும் அன்றைக்கு உள்ளே போய் நின்றேன். பையன் கழுத்தைத் திருப்பினான். முகம் முழுசாகத் தெரிந்தது. மேலுதட்டில் மீசை, ஒடுங்கிய கன்னம். யாரோ ஒரு பையன். எங்கள் பிள்ளை இல்லை.

டிரைவரின் பெண்சாதி அக்காவின் தோளைத் தொட்டாள்.

“யாரு பெத்த புள்ளயோ” என்றாள் அக்கா. “சோறு வாங்கிட்டான்.” பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, “அண்ணே, இங்கிலீஷ்ல இன்னொரு தடவ வருமில்ல?” என்றாள்.

டிரைவர் என்னைப் பார்த்தார். பெட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக அவர் சத்தம் போட்டு எல்லோரையும் எழுப்பி அனுப்பும் நேரம். “வரும் தங்கச்சி” என்றார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். இங்கிலீஷ் செய்திக்கு நாங்கள் நாலு பேர்தான். பெட்டரி குறையக் குறையப் படம் நான்கு பக்கமும் சுருங்கி, நடுவில் ஒரு கைக்குட்டை அளவுக்கு வந்துவிட்டது. அதற்குள் மண்டபம், வரிசை, மங்கலாக அந்தப் பையன். அவன் திரும்பினபோது முகம் ஒரு விரல்நகம் அளவுதான்.

“இப்பப் பாரு தம்பி” என்றாள் அக்கா. “இப்ப அவன் மாதிரிதானே இருக்கு?”

“தெரியலக்கா” என்றேன்.

“எனக்குத் தெரியுது” என்றாள்.

படம் தானாக அணைந்தது. டிரைவர் பெட்டரி கிளிப்பைக் கழற்றினார். அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

அக்கா மகன் பிறகு வரவே இல்லை. எங்கே எரிந்தான், எங்கே புதைத்தார்கள் என்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை.

அந்தச் செய்தி பார்த்த மறுநாள் விடியலில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போகக் கிளம்பியபோது, நான் சுவரில் போட்டிருந்த கம்பளி கொஞ்சமும் காய்ந்திருக்கவில்லை. அக்கா அதை எடுத்துப் பிழிந்தாள், ஈரத்தோடு தலையில் போட்டுக்கொண்டாள். மழை விட்டபாடில்லை. கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.